பிடுங்குவதா, காப்பதா? பல்வேர்ச் சிகிச்சை கடந்து வந்த பாதை

சிறுபிராயத்தில் நான் கண்ட ஒரு காட்சியிலிருந்து இக்கட்டுரையைத் தொடங்குகின்றேன்.

1988ஆம் ஆண்டளவில் இருக்கும். கிண்ணியாவில் எங்கள் வீட்டுக் குசினியின் பின்புறம். உம்மாவுக்கு மூன்று நாட்களாகப் பல்லுக்குத்து. கன்னம் வீங்கி, சோறு இறங்காமல், இரவில் உறக்கமுமில்லாமல் கிடந்தார். உம்மம்மா ஒரு சட்டியில் தணல் எடுத்து, அதன்மேல் கண்டங்கத்தரி விதையைத் தூவி, துளையிட்ட சிரட்டையால் மூடினார். துளையில் பப்பாசி இலைத் தண்டொன்றைச் செருகி, எழும்பிய புகையை உம்மாவின் பல்லில் படும்படி பிடித்தார். வாயிலிருந்து வடிந்த நீர் கோப்பைத் தண்ணீரில் விழுந்தது. சற்று நேரத்தில் அந்தத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்தது. "பாத்தியா மனே, பல்லத் திண்ட புழு இதுதான்" என்று உம்மம்மா எனக்குக் காட்டினார்.

அன்றிரவு உம்மா உறங்கினார். சில மாதங்களில் அதே பல் மீண்டும் குத்தத் தொடங்கியது. இம்முறை பாதையேறித் துறையைக் கடந்து, திருகோணமலைக்குப் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அடுத்தடுத்த வருடங்களில் இன்னும் ஐந்து பற்கள் அவ்வாறே போயின. நாற்பது வயதைத் தாண்டுவதற்குள் இறைச்சியை மென்று தின்ன முடியாதவராக உம்மா ஆகிவிட்டார். அந்தப் பற்களில் சிலவற்றையாவது காப்பாற்றியிருக்கலாம் என்பதை அறிய எனக்கு முப்பது வருடங்கள் சென்றன. என்னுடைய கடைவாய்ப் பல்லொன்றுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட பின்னரே இதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானேன்.

நம்மவர் 'நரம்பு எடுக்கிறது' என்றும், 'ரூட் கெனல்' என்றும் சொல்லும் இச்சிகிச்சை எத்தகையது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். பல்லை நாம் கல்போன்ற ஒன்றாக நினைக்கின்றோம். உண்மையில் அதன் நடுவே உயிருள்ள மென்மையான கூழ் இருக்கின்றது. நரம்பும் குருதிக் குழாய்களும் அதில் உண்டு. பல்லின் தலைப்பகுதியில் ஒரு சிறிய அறையாக இருக்கும் இக்கூழ், ஒவ்வொரு வேரினுள்ளும் நூல்போன்ற கால்வாயாக இறங்கி, வேரின் நுனித் துளைவழியே தாடை எலும்போடு தொடர்புபடுகின்றது. முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய். கடைவாய்ப் பல்லுக்கு மூன்று, சில வேளைகளில் நான்கு. சூத்தை ஆழமாகி இக்கூழைத் தொடும்போது கூழ் வீங்குகின்றது. நாலா பக்கமும் கடினமான சுவர் இருப்பதால் வீக்கத்துக்கு இடமில்லை. இரவில் நம்மைத் தலையணையில் புரளவைக்கும் வலிக்கு இதுவே காரணம். பின்னர் கூழ் செத்துப்போகும். வலி நின்றுவிடும். 'சுகமாகிவிட்டது' என்று நாம் நினைப்போம். ஆனால் செத்த கூழில் பெருகும் கிருமிகள் வேர்நுனி வழியே எலும்புக்குள் இறங்கிச் சீழ்க்கட்டியை உண்டாக்கும். கெட்டுப்போன கூழை அகற்றி, கால்வாயைச் சுத்தம் செய்து, மறுபடியும் கிருமி நுழையாதபடி அடைத்து, பல்லை அதன் இடத்திலேயே நிறுத்தி வைப்பதுதான் வேர்ச் சிகிச்சை.

சொல்வதற்கு இது எளிது. ஆனால் மனிதகுலம் இங்கு வந்து சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சென்றன. தாமதத்துக்கான முதற்காரணம் உம்மம்மா காட்டிய அந்தப் புழுதான்.

பல்லைப் புழு தின்கிறது என்னும் நம்பிக்கை எங்களூருக்கு மாத்திரம் உரியதல்ல. பண்டைய பாபிலோனியரின் களிமண் பலகையொன்றில், பல்லுக்கும் ஈறுக்கும் இடையில் குடியிருக்க இடம் கேட்ட புழுவின் கதையும், அதை விரட்டும் மந்திரமும் பொறிக்கப்பட்டுள்ளன. சீனத்திலும் எகிப்திலும் ஐரோப்பாவிலும் இதே நம்பிக்கை இருந்தது. மருத்துவ மேதை இப்னு சீனா (980–1037) தமது 'அல்கானூன்' நூலில், குரோசாணி விதையோடு வெங்காய இன விதைகளையும் ஆட்டுக்கொழுப்பில் பிசைந்து உருண்டையாக்கி, எரித்து, அந்தப் புகையைக் குழல்வழியே பல்லுக்குப் பிடிக்கச் சொல்கின்றார். உம்மம்மா அந்நூலைக் கண்டவரல்லர். எழுதப் படிக்கத் தெரியாத அவருடைய கைப்பக்குவமும் இப்னு சீனாவின் ஏட்டுக் குறிப்பும் ஒன்றுபோலவே இருப்பது வியப்புக்குரியது.

அப்படியாயின் தண்ணீரில் மிதந்தவை எவை? ஐரோப்பாவில் குரோசாணி விதையைப் புகைத்தபோது காணப்பட்ட 'புழுக்கள்', சூட்டில் வெடித்த விதைகளிலிருந்து வெளிவந்த முளைகளே என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. கண்டங்கத்தரியும் குரோசாணியும் ஒரே கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டின் விதைகளுக்குள்ளும் முளை புழுப்போலச் சுருண்டே கிடக்கும். நான் அன்று கோப்பையில் பார்த்ததும் அதுவாகவே இருக்க வேண்டும். உம்மம்மா பொய் சொல்லவில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொன்னார். கண்டதற்குக் கொடுத்த விளக்கந்தான் பிழையானது.

புழுவை நம்பிய காலத்திலும் பல்லைப் பிடுங்காமல் வைத்தியம் பார்க்க முயன்றவர்கள் இருந்தார்கள். நெகேவ் பாலைவனத்தில் கண்டெடுக்கப்பட்ட நபாத்திய மனிதரொருவரின் மண்டையோட்டில், முன்பல்லின் வேர்க்கால்வாயினுள் இரண்டரை மில்லிமீற்றர் நீளமான வெண்கலக் கம்பி செருகப்பட்டிருந்தது. அது ஏறத்தாழ 2,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கால்வாயை அடைத்தால் புழு உள்ளே போகாது என்று அந்த வைத்தியர் எண்ணியிருக்கலாம் என ஆய்வாளர் கருதுகின்றனர். கி.பி. முதலாம் நூற்றாண்டின் இறுதியில், சிரியாவின் அப்பாமியாவில் பிறந்து உரோமில் வைத்தியம் பார்த்த ஆர்க்கிஜெனிஸ், வலிக்கும் பல்லில் சிறு துளையிட்டு உள்ளழுத்தத்தை வெளியேற்றினார். இன்றும் வேர்ச் சிகிச்சையின் முதற்படி துளையிடுவதுதான்.

இவர்களுக்குப் பின் வந்தோரில் நம் சிந்தனைக்கு மிகவும் உரியவர் அந்தலூசியாவின் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி. கி.பி. 936இல் குர்துபாவுக்கு அருகிலுள்ள மதீனதுஸ் ஸஹ்ராவில் பிறந்து 1013இல் காலமானார் என்பர். அவரது 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்டது. அதன் இறுதிப் பாகம் சத்திரசிகிச்சைக்கு உரியது. பல்லில் படியும் காரையைச் சுரண்டும் கருவிகள் பலவற்றை அதில் அவர் படம் வரைந்து காட்டியுள்ளார். ஆடும் பற்களைப் பொற்கம்பியால் பிணைக்கும் முறையும் அதில் உண்டு. வலிக்கும் பல்லினுள், பக்கத்துத் தசையைச் சுடாதபடி ஒரு குழலினூடாகப் பழுக்கக் காய்ச்சிய ஊசியைச் செலுத்தும் முறையையும் விளக்குகின்றார். உள்ளிருக்கும் வலியின் மூலத்தையே எரித்துவிடும் முயற்சி அது.

இவற்றையெல்லாம்விட என்னைத் தடுத்து நிறுத்தியது அவர் விடுத்த ஓர் எச்சரிக்கை. பல்லைப் பிடுங்க அவசரப்பட வேண்டாம், முதலில் எல்லா வழியாலும் வலியைத் தணிக்கப் பாருங்கள் என்கின்றார். பல் சிறப்புமிக்க உறுப்பு, பிடுங்கியபின் அதன் இடத்தை நிரப்ப வேறொன்றில்லை என்பது அவர் கூறும் ஒரு காரணம். வலியால் ஏமாந்த நோயாளி நல்ல பல்லைச் சுட்டிக் காட்டிவிடுவான், அதைப் பிடுங்கிய பின்பும் வலி போகாது என்பது மற்றொன்று. விவரமறியாத நாவிதர்கள் இவ்வாறு செய்வதைக் குறித்தும் அவர் எழுதுகின்றார். இது ஆயிரம் வருடங்களுக்கு முன் எழுதப்பட்டது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்ட் இப்பாகத்தை இலத்தீனில் பெயர்க்க, ஐரோப்பிய சத்திரசிகிச்சையாளர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பாடநூலாகக் கொண்டனர்.

புழுவின் கதைக்கு முடிவு கட்டியது நுணுக்குக்காட்டி. ஒல்லாந்தின் டெல்ஃப்ற் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், தன் பல்லில் படிந்த அழுக்கைச் சுரண்டி வில்லையின் கீழ் வைத்துப் பார்த்து, அதில் எண்ணற்ற நுண்ணுயிர்கள் நீந்துவதாக 1683இல் எழுதினார். 1700இல், புகைபிடித்து எடுத்த 'பற்புழுக்கள்' எனத் தமக்கு அனுப்பப்பட்டவற்றை ஆராய்ந்து, அவை கெட்டுப்போன பாற்கட்டியில் உண்டாகும் புழுக்களை ஒத்தவை என்றார். 1728இல் பாரிஸில் 'பல் சத்திரவைத்தியர்' என்னும் பெருநூலை வெளியிட்ட பியர் ஃபோஷார், நுணுக்குக்காட்டியில் பார்த்தும் சூத்தையில் புழு எதையும் தாம் காணவில்லை என எழுதினார். குழிவிழுந்த பல்லைச் சுத்தம் செய்து, கராம்பு எண்ணெயிலோ கறுவா எண்ணெயிலோ தோய்த்த பஞ்சை வைப்பது அவருடைய முறைகளுள் ஒன்று. அக்காலத்தில் இலங்கையின் கரையோரக் கறுவா ஒல்லாந்தர் கையில் இருந்தது. திருகோணமலைக் கோட்டையும் அவர்கள் வசமே இருந்தது. பாரிஸில் பல்வலிக்காரரின் வாயில் மணத்த கறுவாவில் நம் தீவின் கறுவாவும் இருந்திருக்கக்கூடும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கருவிகள் வந்தன. 1838இல் வொஷிங்டனைச் சேர்ந்த எட்வர்ட் மேனார்ட், கடிகாரச் சுருள்கம்பியை அராவி, வேர்க்கால்வாயினுள் நுழையும் மெல்லிய ஊசியொன்றைச் செய்தார். இன்று வைத்தியர் கையிலுள்ள நுண் அரங்களுக்கு அதுவே மூதாய். 1864இல் சான்ஃபோர்ட் பார்னம் என்பவர் இறப்பர்த் தாளில் துளையிட்டுப் பல்லில் மாட்டி, எச்சில் படாமல் வேலை செய்யும் வழியைக் கண்டார்.

சுத்தம் செய்த கால்வாயை எதனால் அடைப்பது? ஈயமும் பொன்தகடும் முன்னர் பயன்பட்டன. சரியான விடை நம் கடலுக்கு அக்கரையிலிருந்து வந்தது. மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பாலை மலாய் மக்கள் 'கெத்தா பெர்ச்சா' என்பர். 'கெத்தா' என்றால் மரப்பால். சுடுநீரில் இளகி, ஆறினால் இறுகும் அப்பாலில் கத்திப் பிடியும் வேறு பொருட்களும் செய்து வந்தனர். சிங்கப்பூரில் பணிபுரிந்த வைத்தியர் வில்லியம் மொண்ட்கோமெரி வழியாக 1843இல் அது இலண்டனுக்கு அறிமுகமாயிற்று. ஆழ்கடல் தந்திக் கம்பிகளுக்கு உறையாக அது பெருமளவில் வாங்கப்பட்டது. மரத்தைக் கீறாமல் வெட்டிச் சாய்த்தே பாலெடுத்ததால் சில ஆண்டுகளில் சிங்கப்பூர்க் காடுகளில் அம்மரம் அருகிப்போனது. 1847இல் பற்குழியை அடைக்கவும், 1867இல் சென் லூயிஸ் நகரின் பௌமன் என்பவரால் வேர்க்கால்வாயை அடைக்கவும் அது பயன்பட்டது. இலங்கை ரைபிள் படைப்பிரிவின் மலாய்ச் சிப்பாய்கள் திருகோணமலையிலும் காவலிருந்த காலம் அது. அவர்களுடைய மொழிச் சொல்லைத்தான் இன்றும் உலகெங்கும் பல் வைத்தியர்கள் சிறிது திரித்து 'கட்டா பெர்ச்சா' எனச் சொல்கின்றார்கள். என் பல்லின் வேரிலும் அப்பொருளே இருக்கின்றது.

மயக்க மருந்தும் கதிர்ப்படமும் பின்தொடர்ந்தன. 1895இல் றொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த சில வாரங்களிலேயே பல்லும் படம்பிடிக்கப்பட்டது. 1899இல் நியூ ஓர்லியன்ஸ் நகரின் எட்மண்ட் கெல்ஸ், வேரின் நீளத்தை அறியக் கதிர்ப்படத்தைப் பயன்படுத்தினார். கதிரின் ஆபத்தை அறியாமல் தன் கையையே அதற்குக் காட்டி வந்த அவர், முதலில் விரல்களையும் பின்னர் கையையும் புற்றுநோய்க்குப் பறிகொடுத்து, 1928இல் தன்னுயிரையும் மாய்த்துக்கொண்டார். நாம் இன்று ஒரு நிமிடத்தில் எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறிய படத்துக்கு அவர் கொடுத்த விலை அது.

இவ்வளவு தூரம் வந்த பின்னர் வரலாறு ஒருமுறை பின்னோக்கித் திரும்பியது. 1890இல் வில்லோபி மில்லர் வாயிலுள்ள கிருமிகளைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். உண்மையான 'புழு' அகப்பட்டுவிட்டது. ஆனால் 1910இல் மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய பிரித்தானிய வைத்தியர் வில்லியம் ஹண்டர், அழுகிய பற்களை வைத்துக்கொண்டு அவற்றின்மேல் பொன் வேலை செய்வது உடம்பெங்கும் நோயைப் பரப்புகிறது எனக் கண்டித்தார். சுத்தமற்ற வேலையைக் குறித்து அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைக் கேட்டவர்கள் போன வழிதான் விபரீதமானது. மூட்டுவலிக்கும் பல், மனநோய்க்கும் பல், காரணம் தெரியாத காய்ச்சலுக்கும் பல் என்று பிடுங்கித் தள்ளினார்கள். ஏறத்தாழ முப்பது வருடங்கள் மேற்கு நாடுகளில் வேர்ச் சிகிச்சை சந்தேகத்துக்குரிய வேலையாகவே கருதப்பட்டது. 'வேர்ச் சிகிச்சை செய்தால் உடம்புக்குக் கூடாது' என்று இன்றும் நம்மூரில் யாராவது சொன்னால், அது அந்தக் காலத்தின் எதிரொலி என்று அறிந்துகொள்ளலாம். பிற்கால ஆய்வுகள் அதை ஏற்கவில்லை.

சோர்ந்துவிடாத சிலர் கிருமி நீக்கிய கருவி, கதிர்ப்படம், இறப்பர்த் திரை ஆகியவற்றோடு பொறுமையாக வேலை செய்தார்கள். 1943இல் அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு சங்கம் உருவானது. 1963இல் இது தனியான நிபுணத்துவத் துறையாக அங்கு ஏற்கப்பட்டது. 1965இல் ககெஹாஷி முதலான மூவர் எலிகளில் செய்த பரிசோதனையொன்று சந்தேகத்தைத் தீர்த்தது. இருவகை எலிகளின் பற்களிலும் துளையிட்டுக் கூழைத் திறந்தபடியே விட்டார்கள். சாதாரண எலிகளின் கூழ் அழுகிச் செத்தது. கிருமியே இல்லாத சூழலில் வளர்த்த எலிகளின் கூழோ, திறந்த வாயைத் தானே மூடிக்கொண்டு ஆறியது. ஆகவே எதிரி கிருமியே, பல்லன்று. கிருமியை வெளியேற்றினால் பல்லை வைத்துக்கொள்ளலாம்.

இன்றைய சிகிச்சை இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துக் கட்டியதாகும். விறைப்பூசி போட்டு, திரை மாட்டி, பல்லின் மேற்புறத்தில் வாசல் திறக்கின்றார்கள். நுண் அரங்களால் கால்வாய்களை ஒவ்வொன்றாகச் சுத்தம் செய்கின்றார்கள். துணி வெளுக்கும் திரவத்தின் இனமான சோடியம் ஹைப்போகுளோரைற்றினால் கழுவுகின்றார்கள். கடதாசி ஊசிகளால் ஈரத்தை ஒற்றியெடுத்துக் கட்டா பெர்ச்சாவால் அடைக்கின்றார்கள். ஒரே நாளிலும் முடியலாம், இரண்டு மூன்று தடவை போகவேண்டியும் வரலாம். கடைவாய்ப் பல்லாயின் மேலே உறை போட்டுக்கொள்வது நல்லது. இல்லையேல் காலப்போக்கில் வெடித்துவிடலாம். எனக்கு மூன்று தடவை போகவேண்டியிருந்தது. ஊசி குத்திய வலியைத் தவிர வேறு வலி தெரியவில்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1943இல் கொழும்பில் பல் வைத்தியக் கல்வி ஆரம்பிக்கப்பட்டுப் பின்னர் பேராதனைக்கு மாற்றப்பட்டது. 1921இல் நியூசிலாந்து தொடங்கிய பாடசாலைப் பல் தாதியர் திட்டத்தைப் பின்பற்றி, அந்நாட்டின் உதவியோடு 1950களில் மகரகமவில் பயிற்சிப் பாடசாலையொன்று நிறுவப்பட்டது. பிள்ளைகளின் பல்லைப் பாடசாலையிலேயே பார்க்கும் சேவை அவ்வாறு உருவானது. அரசாங்க வைத்தியசாலைகளில் பல் வைத்தியம் இலவசம். திட்டத்தில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் எங்கள் பகுதியில் யுத்தமும் கடலும் குறுக்கே நின்றன. 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை நகரத்துக்குப் போக நாங்கள் பாதையையே நம்பியிருந்தோம். சோதனைச் சாவடியைத் தாண்டி, பாதைக்குக் காத்திருந்து, ஒரு நாள் கூலியை இழந்து போகின்றவரிடம் 'மூன்று தடவை வாருங்கள்' என்று சொன்னால் எப்படி வருவார்? 'ஒரேயடியாகப் பிடுங்கிவிடுங்கள் டொக்டர்' என்றுதான் சொல்வார். உம்மாவும் அப்படித்தான் சொன்னார். அன்று அது அறியாமை மாத்திரமன்று, வழியில்லாமையும்கூட.

பாலம் வந்துவிட்டது. பழக்கம் மாறவில்லை. சென்ற வருடம் என் வகுப்பில், தரம் 7இல் படிக்கும் மாணவனொருவன் மூன்று நாட்கள் வரவில்லை. வந்தபோது கீழ்க்கடைவாய்ப் பல்லொன்று இல்லை. அவனுடைய தாயைக் கண்டு கேட்டேன். "சின்னப் பிள்ளதானே சேர், திரும்ப முளைக்கும்" என்றார். முளைக்காது. ஆறு வயதளவில், எந்தப் பாற்பல்லும் விழாமலேயே, பாற்பற்களின் வரிசைக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் பல் அது. பெற்றோர் அதைப் பாற்பல்லென்றே எண்ணிக் கவனியாது விடுகின்றனர். வாயில் முளைக்கும் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல்லும் அதுதான், முதலில் சூத்தையாவதும் பெரும்பாலும் அதுதான். தொடக்கத்தில் கண்டிருந்தால் ஒரு சிறிய அடைப்போடு முடிந்திருக்கும். பிந்திக் கண்டிருந்தாலும் வேர்ச் சிகிச்சைக்கு வழி இருந்திருக்கலாம். அந்தத் தாயை நான் குறை சொல்லவில்லை. ஆறாம் வயதுப் பல்லைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆசிரியனான நானும் சொல்லியிருக்கவில்லை.

அரசாங்க வைத்தியசாலைகள் எல்லாவற்றிலும் வேர்ச் சிகிச்சை கிடைப்பதில்லை. கிடைக்கும் பெரிய வைத்தியசாலைகளில் காத்திருக்க வேண்டும். தனியாரிடம் செலவு அதிகம். எல்லாப் பல்லையும் காப்பாற்ற முடியும் என்பதுமில்லை. வேர் வெடித்த பல்லையும், அடைப்பதற்குச் சுவரே மிஞ்சாத பல்லையும் பிடுங்கத்தான் வேண்டும். ஆனால் கதிரையில் உட்கார்ந்ததும் 'பிடுங்குங்கள்' என்று சொல்வதற்கு முன்னர், 'இதைக் காப்பாற்ற முடியுமா?' என்று ஒரு கேள்வி கேட்பதற்குச் செலவில்லை.

இந்த வருட முதலாம் தவணையில், தரம் 1 பிள்ளைகளின் பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் கேட்டு வாங்கினேன். கரும்பலகையில் ஒரு தாடையை வரைந்து, ஆறாம் வயதுப் பல்லுக்குச் சிவப்புச் சோக்கால் வட்டமிட்டுக் காட்டினேன். பின்வரிசையில் இருந்த ஒரு தாய் தன் பிள்ளையின் வாயைத் திறந்து, விரலால் தடவி எண்ணத் தொடங்கினார். பக்கத்தில் இருந்தவரும் அவ்வாறே செய்தார். அஸ்ஸஹ்ராவியின் ஆயிரம் வருடத்து எச்சரிக்கையை அவர்களுக்கு நான் சொல்லவில்லை. பிடுங்கிய பல் திரும்பாது என்பதை மட்டும் சொன்னேன்.